நேர்ந்த பொருள்: பாரிஸ் சந்தையில் இருந்து அய்யனார் காடு வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கி, வாசிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை ஒரு மரக்கரண்டியில ஆரம்பிக்குது. அங்கிருந்து ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு டீ கப், ஒரு ஜோடி ஆணிச் செருப்புன்னு போய், புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு மண்குதிரைகிட்ட வந்து நிக்கும். வழி கொஞ்சம் சுத்துதான். ஆனா இந்தப் பொருள் எல்லாத்துக்கும் நடுவுல ஒரே ஒரு கேள்வி ஓடுது. அது என்னன்னு போகப் போகச் சொல்றேன்.

சந்தையில ரெண்டு பேர்

1934. பாரிஸோட வடக்கு ஓரத்துல செயின்ட் ஊவான்னு ஒரு இடம். அங்கே பழைய சாமான் சந்தை. நம்ம பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையை நினைச்சுக்கோங்க. உடைஞ்ச கடிகாரம், ஒத்தைச் செருப்பு, யார் வீட்டுலயோ செத்துப்போன பாட்டியோட பீங்கான் தட்டு. எல்லாம் தரையில பரப்பிக் கிடக்கும்.

அங்கே ரெண்டு பேர் சும்மா நடந்துட்டு இருக்காங்க. ஒருத்தர் ஆந்த்ரே பிரெத்தோன். கவிஞர். 1924-ல சர்ரியலிசத்தோட முதல் அறிக்கையை எழுதினவர். இன்னொருத்தர் சிற்பி ஆல்பெர்த்தோ ஜியாகொமெத்தி. ஜியாகொமெத்தி ஒரு உலோக முகமூடியை எடுக்கிறார். எதுக்குச் செஞ்சதுன்னே புரியாத ஒரு முகமூடி. பிரெத்தோன் ஒரு மரக்கரண்டியை எடுக்கிறார். அந்தக் கரண்டியோட காம்புக்கு அடியில சின்னதா ஒரு செருப்பு செதுக்கி இருக்கு.

அந்தச் சமயம் ஜியாகொமெத்தி ஒரு பெண் உருவத்தைச் செஞ்சுட்டு இருந்தார். முகம் மட்டும் சரியா அமையல. இந்த முகமூடியைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்துச்சுன்னு பிரெத்தோன் 1937-ல வந்த புத்தகத்துல எழுதுறார். அவரோட வாதம் இதுதான்: நாம பொருளைத் தேடிப் போகல. நம்ம மனசுக்குள்ள, நமக்கே தெரியாம இருந்த ஒரு கேள்விக்கு, அந்தப் பொருள் பதிலா வந்து எதிர்ல நிக்குது. தற்செயல்னு நாம சொல்றது வெறும் தற்செயல் இல்ல.

கலை வரலாற்றுல இதுக்கு வெச்சிருக்கிற பேரைத் தமிழ்ல சொன்னா ‘கண்டெடுத்த பொருள்’. இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க. இதுக்கு நம்மகிட்ட இன்னும் நல்ல வார்த்தை ஒண்ணு இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

உபயோகத்தைப் பிடுங்கினா என்ன மிஞ்சும்?

பிரெத்தோனுக்கு முன்னாடியே இந்த வேலையை ஆரம்பிச்சவர் மார்செல் துஷாம்ப். 1913-ல ஒரு சைக்கிள் சக்கரத்தை முக்காலி மேல தலைகீழா மாட்டினார். 1914-ல பாரிஸ் கடையில இருந்து, பாட்டில் காய வைக்கிற இரும்பு ஸ்டாண்ட் ஒண்ணை வாங்கினார். அவ்வளவுதான். செதுக்கல, வார்க்கல. தேர்ந்தெடுத்தார். 1917-ல நியூயார்க்ல ஒரு கண்காட்சிக்கு, ஆண்கள் சிறுநீர் கழிக்கிற பீங்கான் தொட்டியில வேற ஒரு பேர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதைக் கண்காட்சியில வைக்க மறுத்துட்டாங்க. இன்னைக்கு அது 20-ஆம் நூற்றாண்டோட மிக முக்கியமான கலைப்படைப்புகள்ல ஒண்ணு.

1921-ல மான் ரே பாரிஸ்ல தன்னோட முதல் தனிக் கண்காட்சியைத் திறக்கிற அன்னைக்கு, ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கி, அதோட அடிப்பக்கத்துல வரிசையா ஆணி ஒட்டினார். பேர் ‘அன்பளிப்பு’. துணியை நேராக்க வேண்டிய சாமான் இப்போ துணியைக் கிழிக்கும்.

1936-ல மெரெட் ஓப்பன்ஹைம். வயசு 22. ஒரு கஃபேல பிக்காசோவோடயும் தோரா மாரோடயும் உட்கார்ந்திருக்காங்க. அவங்க கையில மென்மயிர்த் தோல் சுத்தின வளையல். இந்தத் தோலால எதை வேணும்னாலும் மூடிடலாம் போலிருக்கேன்னு பேச்சு போகுது. இந்தக் கப்பையும் சாசரையும்கூடன்னு இவங்க சொல்றாங்க. சொன்னதோட விடல. ஒரு கப், சாசர், ஸ்பூன் வாங்கி, மூணையும் விலங்கு மயிரால மூடிட்டாங்க. அதுல டீ குடிக்கிறதா நினைச்சுப் பாருங்க. உதட்டுல மயிர் ஒட்டுற மாதிரி இருக்கா? அந்தக் கூச்சம்தான் படைப்பே.

ஏன் இப்படிச் செஞ்சாங்க? பைத்தியமா? இல்ல. 1914 முதல் 1918 வரைக்கும் நடந்த உலகப் போரைப் பார்த்த தலைமுறை இது. பிரெத்தோன் போர்க்காலத்துல மனநல மருத்துவமனையில வேலை பார்த்தவர். குண்டுச் சத்தத்துல புத்தி கலங்கின சிப்பாய்கள் பேசுறதை பக்கத்துல உட்கார்ந்து கேட்டவர். ‘அறிவு, ஒழுங்கு, பயன்பாடு’ன்னு பேசின நாகரிகம்தானே விஷவாயுவையும் செஞ்சுச்சு? அப்போ ‘உபயோகமான பொருள்’ங்கிற எண்ணத்தையே கொஞ்சம் கலைச்சுப் பார்க்கலாம்னு இறங்கினாங்க. ஒரு பொருள்கிட்ட இருந்து உபயோகத்தைப் பிடுங்கிட்டா, மிச்சம் இருக்கிற ஆசையும் பயமும் வெளிய தெரியும்னு நம்பினாங்க.

பேர் இல்லாத அலமாரி

1936 மே மாசம், பாரிஸ்ல ஷார்ல் ரத்தோன்னு ஒரு வணிகரோட கேலரியில ‘சர்ரியலிசப் பொருள்கள்’ கண்காட்சி நடந்துச்சு. ஒரே ஒரு வாரம். அந்த மயிர்க் கப் அங்கே இருந்துச்சு. துஷாம்போட பாட்டில் ஸ்டாண்ட் இருந்துச்சு. கணக்குப் பாடத்துக்குச் செஞ்ச மாதிரி வடிவங்கள், கல், செடின்னு இயற்கைப் பொருள்களும் இருந்துச்சு. கூடவே ஓசியானியா தீவு மக்களும் அமெரிக்கப் பழங்குடி மக்களும் சடங்குக்காகச் செஞ்ச பொருள்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். சர்ரியலிஸ்ட்கள் காலனி ஆட்சியை வெளிப்படையா எதிர்த்தவங்க. 1931-ல பாரிஸ்ல நடந்த பெரிய காலனியக் கண்காட்சிக்குப் போகாதீங்கன்னு துண்டறிக்கை அடிச்சுக் கொடுத்தவங்க. சடங்குப் பொருள்களை அவங்க மட்டமா நினைக்கல, கொண்டாடினாங்க. ஆனாலும் அந்தக் கண்காட்சியில கப்புக்குப் பக்கத்துல ஓப்பன்ஹைம் பேர் இருக்கும். முகமூடிக்குப் பக்கத்துல ஒரு தீவோட பேர் இருக்கும். செஞ்ச ஆளோட பேர் இருக்காது.

இது பாரிஸோட நிக்கல. 1968-ல ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துல ஸ்டெல்லா கிராம்ரிஷ், இந்தியக் கிராமங்கள்லயும் பழங்குடிகள்கிட்டயும் இருக்கிற சடங்குக் கலைக்காக ஒரு பெரிய கண்காட்சி நடத்தினாங்க. இந்தியக் கலையை வாழ்நாள் முழுக்கப் படிச்ச அறிஞர் அவங்க. கண்காட்சியோட தலைப்பு ‘அறியப்படாத இந்தியா’. யாருக்கு அறியப்படாதது?

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு எங்க ஊர் ஞாபகம்தான் வந்துச்சு. அங்கே எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச விஷயங்கள் இதெல்லாம்.

எங்க ஊர்ப் பொருள்கள்

கடலைக் கொல்லையில நிக்கிற பொம்மையில இருந்து தொடங்குவோம். குறுக்க ஒரு கம்பு, நெடுக்க ஒரு கம்பு. வைக்கோல் உடம்பு. யாரோ போட்டுக் கிழிச்ச சட்டை. தலைக்கு ஒரு ஓட்டைப் பானையைக் கவுத்து, சுண்ணாம்புல கண்ணும் பல்லும். வீட்டுல தூக்கிப் போட்ட நாலு சாமான் சேர்ந்து ஒரு ஆளாகி நிக்குது. அந்தியில பார்த்தா பெரியவங்களுக்கே திக்குன்னு இருக்கும். செஞ்சவர் அதைச் சிற்பம்னு சொல்ல மாட்டார். பறவையும் பன்னியும் பயப்படணும், கண்ணு படக் கூடாது. அவ்வளவுதான் அவர் கணக்கு.

அடுத்து, ஊர் எல்லையில அய்யனார் கோவில். மரத்துல துணித் தொட்டில் தொங்கும். உள்ளே குழந்தை இல்ல, ஒரு சின்னக் கல் இருக்கும். குழந்தை வேணும்னு வேண்டிக்கிட்ட ஒருத்தி கட்டினது. தரையில மண்ணுல செஞ்ச சின்னப் பிள்ளை உருவங்கள். மதலைன்னு சொல்லுவாங்க. வேண்டுதல் பலிச்சதுக்குக் கொடுத்தது. தனியா ஒரு கால், தனியா ஒரு கை. வலி தீரணும்னோ, தீர்ந்துச்சுன்னோ வெச்சது. கருப்பர் சன்னதின்னா அருவா, மணி, வேல். சில இடத்துல ஆணிச் செருப்பு. பாதம் படுற பக்கம் பூரா ஆணி. சாமியாடி அது மேல ஏறி நிப்பார்.

இப்போ மான் ரேயோட இஸ்திரிப் பெட்டியையும் இந்தச் செருப்பையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டும் வீட்டுச் சாமான். ரெண்டுலயும் ஆணி. ரெண்டும் பார்த்த உடனே உடம்பு கூசும். ஆனா ஒரு பெரிய வித்தியாசம். இஸ்திரிப் பெட்டியில ஆணி அடிச்சதும் அதோட வேலை முடிஞ்சுபோச்சு. செருப்புல ஆணி அடிச்ச பிறகுதான் அதோட வேலையே ஆரம்பிக்குது. பாரிஸ்ல பொருளை வேலையில இருந்து நிறுத்தினாங்க. இங்கே வேற வேலைக்கு அனுப்புறாங்க. தொட்டில் குழந்தையைத் தூங்க வைக்கல. கேட்டுட்டு இருக்கு.

இப்போ அந்த வார்த்தைக்கு வர்றேன். தமிழ்ல ‘நேர்’ங்கிற வினைக்கு என்னென்ன அர்த்தம்? விபத்து நேர்ந்தது. அதாவது தற்செயலா நடந்தது. நேர்ந்தான்னா எதிர்ப்பட்டான்னும் ஒரு பழைய அர்த்தம் உண்டு. சாமிக்கு நேர்ந்துகிட்டேன், அதாவது வேண்டிக்கிட்டுக் கடன்பட்டேன். அதுல இருந்துதான் நேர்த்திக்கடன். அதே நேர்த்திக்கு, ஒழுங்கா அழகா முடிச்ச வேலைன்னும் அர்த்தம். ‘நேர்த்தியா செஞ்சிருக்கான்’னு சொல்றோமே, அது.

ஆக, தற்செயல், வேண்டுதல், கைவேலை. மூணும் ஒரே சொல்லுக்குள்ள. பிரெத்தோன் ஒரு கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு, தற்செயலுக்கும் ஆசைக்கும் என்ன சம்பந்தம்னு பக்கம் பக்கமா எழுதினார். நம்ம பாட்டிகள் ‘நேர்ந்தது’ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டாங்க. அதனால ‘கண்டெடுத்த பொருள்’ங்கிறதைவிட ‘நேர்ந்த பொருள்’னு சொல்லத்தான் எனக்குப் பிடிக்குது.

பிடிமண்

இந்த நேர்த்திக்கடன்லயே பெருசு குதிரை. புரவி எடுப்புன்னு சொல்லுவாங்க. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் இன்னும் நடக்குது. எப்படி நடக்கும்னு சொல்றேன்.

ஊர் கூடி இந்த வருஷம் புரவி எடுக்கலாம்னு முடிவு பண்ணினா, முதல் வேலை பிடிமண் கொடுக்கிறது. ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார்கிட்ட முறையா ஒப்படைப்பாங்க. குயவர்களை எங்க பக்கம் வேளார்னு சொல்றது. பல அய்யனார் கோவில்கள்ல பூசாரியும் அவங்கதான். அந்தப் பிடிமண் கைக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கும்.

கண்மாய்க் களிமண்ணோட மணலும் உமியும் சேர்த்து மிதிப்பாங்க. வெறும் களிமண்ணுன்னா காயும்போது வெடிச்சிடும். முதல்ல நாலு கால். உள்ளே கூடா, தூண் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. கீழே உள்ளது காய்ஞ்சு பாரம் தாங்கினாத்தான் மேல வைக்க முடியும். அவசரப்பட்டா குதிரை உட்கார்ந்திடும். அப்புறம் வயிறு, கழுத்து, தலை. கழுத்துல மணி, சேணம், எல்லாம் மண்ணுல. காய்ஞ்சதும் வைக்கோல், வரட்டி, விறகு அடுக்கி, மேலே சேறு பூசிச் சுடுவாங்க. பிறகு சுண்ணாம்பு, வண்ணம். திருவிழா அன்னைக்கு ஊர் ஆம்பளைங்க தோள்ல சுமந்துட்டுப் போவாங்க. கண் திறக்கிறது கடைசி. அதுவரைக்கும் அது பானை செஞ்ச மண்தான். கண் திறந்தா அய்யனாரோட குதிரை.

அதுக்கப்புறம்? எதுவும் இல்ல. அப்படியே விட்டுடுவாங்க. மழையில வண்ணம் போகும். காது உடையும். வயித்துக்குள்ள செடி முளைக்கும். அடுத்த தடவை புதுக் குதிரை வரும், பழசு பக்கத்துல சரிஞ்சு கிடக்கும். இளசுகள் போட்டோ எடுத்து ‘சர்ரியல்’னு போடுறது இந்தக் காட்சியைத்தான். பாதிக் குதிரை, தலை மட்டும், நாலு கால் மட்டும். டாலி ஓவியம் மாதிரி இருக்குங்கிறது உண்மைதான்.

ஆனா அந்தச் சிதைவை அலட்சியம்னு நினைச்சுடாதீங்க. கடன் கொடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சது. மண்ணு மண்ணுக்கே போகணும். பழசு உடையுறதாலதான் புதுசுக்குப் பிடிமண் கொடுக்க வேண்டி வருது. பிடிமண் வர்றதாலதான் அடுத்த தலைமுறை வேளாருக்குக் கால் ஏத்துற கணக்கு கைவருது.

எதைக் காப்பாத்துறது?

இப்போ பாரிஸ் பொருள்கள் என்ன ஆச்சுன்னு கேளுங்க. துஷாம்ப் நியூயார்க் போனதும் அவரோட தங்கச்சி வீட்டைச் சுத்தம் பண்ணும்போது சைக்கிள் சக்கரத்தையும் பாட்டில் ஸ்டாண்டையும் குப்பையில போட்டுட்டாங்க. பீங்கான் தொட்டி காணாமப் போச்சு. மான் ரேயோட இஸ்திரிப் பெட்டி கண்காட்சி திறந்த அன்னைக்கே மாயம். இன்னைக்கு மியூசியங்கள்ல நீங்க பார்க்கிறது பெரும்பாலும் பின்னாடி செஞ்ச நகல். 1964-ல மிலன் நகரத்து வணிகர் ஒருத்தர், துஷாம்போட ஒப்புதலோட ஒவ்வொண்ணுக்கும் எட்டு எட்டு நகல் செஞ்சு வித்தார். ‘கலைங்கிறது கடைப்பொருள் இல்ல’ன்னு கிண்டல் பண்ணின பொருள், எண்ணிட்ட கடைப்பொருளா ஆச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள போச்சு.

அங்கே பொருளைக் காப்பாத்தினாங்க. இங்கே பொருளை விட்டுட்டு, செய்யுற வேலையைக் காப்பாத்தினாங்க. நான் முதல்ல சொன்ன கேள்வி இதுதான்: எதைக் காப்பாத்தணும்?

சும்மா தத்துவக் கேள்வி இல்ல இது. பல ஊர்ல இப்போ சிமெண்ட் குதிரை வந்தாச்சு. ஊர்க்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு தடவை செலவு பண்ணினா பல காலம் நிக்கும். கண்மாய் மண் எடுக்க அனுமதிக்கு அலைய வேண்டாம். ஆனா உடையாத குதிரைக்கு மறுபடி பிடிமண் கொடுக்க வேண்டியதில்ல. குதிரை நிக்கும், வேளாரோட வேலை நின்னுபோகும். இன்னொரு பக்கம், ரிசார்ட் வாசல்லயும் ஹோட்டல் வரவேற்பறையிலயும் மண்குதிரை நிக்குது. வேளாருக்குக் கூலி கிடைக்குது, அது நல்லதுதான். ஆனா அங்கே பிடிமண்ணும் இல்ல, கண் திறப்பும் இல்ல. அது அழகுக்கு நிக்குற குதிரை.

அப்போ மண்ணுன்னா உயிர், சிமெண்ட்னா சாவா? அவ்வளவு சுலபமா முடிக்க முடியாது. கீரமங்கலம் பக்கத்துல குளமங்கலம் இருக்கு. பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவில். அங்கே நிக்கிற குதிரையோட உயரம் 33 அடி. ஆசியாவுலயே பெரிய குதிரைச் சிலைன்னு ஊர்க்காரங்க பெருமையாச் சொல்லுவாங்க. அது சுட்ட மண் இல்ல, கட்டி நிறுத்தினது. அசையாது, உடையாது. ஆனா மாசி மகத்துக்குப் போய்ப் பாருங்க. குதிரை உயரத்துக்குக் காகிதப் பூ மாலை. வேன்லயும் டிராக்டர்லயும் ஆயிரக்கணக்குல வந்து இறங்கும். ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுப் போட்டு, கடைசியில குதிரையே தெரியாது. கலர்க் காகித மலை ஒண்ணு நிக்கும். காகிதம், நூல், வேண்டுதல். அடுத்த வருஷம் மறுபடி முதல்ல இருந்து.

அதாவது, உடையாத சிலையைக் கட்டின பிறகும், வருஷா வருஷம் செஞ்சு வருஷா வருஷம் உதிர்ற ஒண்ணை அந்த மக்கள் கண்டுபிடிச்சுக்கிட்டாங்க. பிழைக்கிற வழக்கம் அப்படித்தான் பிழைக்குது.

நடுவுல நின்னவங்க

இந்த ரெண்டு உலகத்துக்கும் நடுவுல நின்னு வேலை செஞ்ச தமிழ்க் கலைஞர்கள் உண்டு. 1966-ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில சென்னைக்குப் பக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாச்சு. அங்கே பி.வி. ஜானகிராம், செப்புத் தகட்டைத் தட்டி, மேலே கம்பியைப் பத்த வெச்சு, முன்பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரி உருவங்கள் செஞ்சார். சாமிக்குச் சாத்துற கவசத்தைப் பார்த்தவங்களுக்கு அது எங்கிருந்து வந்துச்சுன்னு உடனே புரியும். வெளிநாட்டுல உலோகத்தை ஒட்டிச் சிற்பம் செய்யுற முறையும் அவங்களுக்குத் தெரியும், கோவில் கவசமும் தெரியும்.

இன்னொருத்தர் யாழ்ப்பாணத்துல. தா. சனாதனன். 2004, போர் நிறுத்தக் காலம். 1981-ல எரிக்கப்பட்டு, மறுபடி கட்டின அதே யாழ் பொது நூலகத்துல ‘அகம் புறம்’னு ஒரு கண்காட்சி. அதுக்காக யாழ்ப்பாணத்து வீடு வீடா, அவங்க பத்திரமா வெச்சிருந்த சாதாரணப் பொருள்களைச் சேகரிச்சு, மியூசியம் மாதிரி அடுக்கினார். நூற்றுக்கணக்கான பொருள்கள். எரிஞ்ச புத்தகங்கள் இருந்த கட்டடத்துல, மக்களோட வீட்டுச் சாமான் புத்தகம் மாதிரி வரிசையா. அந்தப் பொருள்கள்ல எதையும் கலைஞர் சந்தையில கண்டெடுக்கல. ஒவ்வொண்ணையும் ஒருத்தர் கையில இருந்து வாங்கினார். பிரெத்தோனோட கரண்டி யாருதுன்னு யாருக்கும் தெரியாது. இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்த கை ஒண்ணு உண்டு.

எனக்கு முக்கியமாப் படுறது அந்தக் கைதான். சர்ரியலிஸ்ட்கள் கத்துக் கொடுத்ததை நான் குறைச்சுச் சொல்லல. ஒரு டீ கப்பை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவங்க அவங்க. அந்தக் கண் இல்லைன்னா கொல்லைப் பொம்மையை நான் இவ்வளவு நேரம் நின்னு பார்த்திருக்க மாட்டேன். ஆனா பார்க்கிறதோட நிறுத்திட்டா, செஞ்சவரும் வேண்டிக்கிட்டவரும் படத்துல இருந்து விழுந்துடுறாங்க.

அதனால ஒரு சின்ன வேலை தர்றேன். புதுக்கோட்டைப் பக்கம் போனா திருக்கோகர்ணத்துல இருக்கிற அரசு அருங்காட்சியகத்தைப் பாருங்க. 1910-ல ஆரம்பிச்சது, காப்பாத்தின பொருள்கள் அங்கே இருக்கு. அப்படியே ஏதாவது ஒரு அய்யனார் கோவிலுக்கும் போங்க. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, எதையும் எடுத்துட்டு வராதீங்க. போட்டோ எடுக்கலாமான்னு அங்கே இருக்கிற பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அவர் சரின்னு சொன்னா இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க: ஐயா, இந்தக் குதிரையைச் செஞ்ச வேளார் எந்த ஊரு? கடைசியா எப்போ பிடிமண் கொடுத்தீங்க? அந்தப் பதிலையும் போட்டோ கூடப் போடுங்க.